கடலின் நுண்ணிய உஷ்ணநிலை வேறுபாடுகள்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடலில்லாத அந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 2016ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ‘சிந்து சாதனா’ என்னும் கப்பலில் சென்று வங்காள விரிகுடாவின் தென்பகுதியை ஆராய்ந்தனர். இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகளும் இம்முயற்சியில் பங்குகொண்டனர். பருவமழைக் காலத்தில் கடலின் மேற்பரப்பிலுள்ள உஷ்ணம் எவ்வாறு கீழே கலக்கிறது என்பது அவர்கள் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று.

முற்காலத்தில் கவிழ்க்கும் உஷ்ணமானிகளைக் கம்பியில் இடைவெளி விட்டுக் கட்டி இறக்குவார்கள். கிடைத்த சில புள்ளிகளை இணைத்தால் சீரான வளைகோடு வரும். ஆனால் அக்கோடு ஆராய்ச்சியாளர் வரைந்ததேயன்றி, கடலின் உண்மை நிலையன்று. இரு புள்ளிகளுக்கிடையே படிக்கட்டுகள் போன்ற மெல்லிய அடுக்குகள் பல மறைந்திருக்கலாம்.

வெந்நீர் விளாவும்பொழுது ஒருமுறை கலக்கியதும் கையை விட்டுப் பார்த்தால், சூடும் குளிர்ச்சியும் மாறிமாறிப் படும். மேலும் கலக்கினால் அப்பட்டைகள் மெலிந்து, இறுதியில் மறைந்துவிடும். கடலிலும் நிகழ்வது இதுவே. மெலிந்துகொண்டிருக்கும் அப்பட்டைகளை அளந்தால் கலத்தலின் வேகத்தைக் கணக்கிடலாம்.

இதற்கான கருவியின் நுனியில் கண்ணாடி பூசிய மிகச்சிறு தெர்மிஸ்டர் உள்ளது. அது உஷ்ண மாறுதலை வினாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரத்தில் உணர்கிறது. கருவி வினாடிக்கு முக்கால் மீட்டர் வீதம் இறங்குமாயின், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த வேறுபாடுகள் பதிவாகும். கயிற்றைத் தளர்வாக விட்டுக் கருவியைத் தானே விழச் செய்யவேண்டும். கயிறு விறைத்தால் கப்பலின் ஆட்டம் கருவியை எட்டி, பதிவைக் கெடுத்துவிடும். கண்ணாடி நுனியோ எளிதில் உடைவது. அலைமோதும் மேல்தளத்தில் இப்பணிக்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

வங்காள விரிகுடாவில் உஷ்ணநிலையை மட்டும் அளப்பது போதாது. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய நதிகளின் நன்னீர் இலேசானதாகையால் மேலே மிதக்கிறது. வடபகுதியில் குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்தும், அடிநீர் வெதுவெதுப்பாகவும் இருப்பதுண்டு. உப்பின் வேறுபாட்டால் அவை புரண்டு கலப்பதில்லை. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கி, கீழுள்ள குளிர்ந்த நீரை மேலே கொணரும். அதனால் அதன் வலிமையே குறையக்கூடும். ஆனால் பருவமழைக்குப் பிந்திய மாதங்களில் விரிகுடாவின் வடபகுதியில் அத்தகைய குளிர்ச்சி ஏற்படுவதில்லையென 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

வானிலைக் கணிப்புக்குரிய கணினிகள் கடலைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. கட்டத்துக்குள் நிகழும் கலத்தலை அவற்றுக்கு ஓர் எண்ணாகத் தரவேண்டும். அவ்வெண்ணைச் சரிபார்க்க உதவுவன இந்த மில்லிமீட்டர் அளவைகளே.