மேகம் வானத்தில் இல்லை!

'மேகக் கணிமை' என்கிறார்களே, அது வானத்தில் மிதப்பது அல்ல. எங்கோ ஒரு கட்டிடத்தில் ஓடும் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுப்பதுதான்!

வாடகையில் மூன்று வகை உண்டு. ஜிமெயில், ஓட்டல் சாப்பாடு மாதிரி. உட்கார்ந்தால் போதும், இலையில் பரிமாறி விடுவார்கள். 2008-ல் வந்த கூகுள் ஆப் என்ஜினில் அடுப்பும் பாத்திரமும் அவர்களுடையது, சமையல் நம்முடையது. 2006-ல் அமேசான் தொடங்கிய ஈ.சி.2வோ வெறும் வீடு. உள்ளே எல்லாம் நம் பொறுப்பு.

அப்படி "வெறும் வீடு" வாடகைக்கு விடும் இன்னொரு கம்பெனி, ஓ.வி.எச். 2021 மார்ச் 10-ந் தேதி, பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அதன் 5 மாடிக் கட்டிடம் ஒன்று எரிந்து நாசமானது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், வேறு இடத்தில் நகல் வைக்காத பலருடைய கணக்கு வழக்குகள் அடியோடு போய்விட்டன!