உஷார்! ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆக முடியாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடைத் தூண், வாட்ஸ்அப் குரூப் என்று எங்கும் அந்த நோட்டீஸ்தான். ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம், நூறு சதவீதம் வேலை உறுதி, உடனே சேருங்கள். நகையை அடகு வைத்தாவது பிள்ளையை மருத்துவத் துறையில் சேர்த்துவிடத் துடிக்கும் பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே வருஷத்தில் நர்ஸ் என்பது பச்சைப் பொய். ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். அங்கீகாரம் பெற்ற இடத்தில் இவற்றில் ஒன்றைப் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அந்தப் பெயருக்கே உரிமை. ஒரு வருஷச் சான்றிதழுக்கும் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கலாம். ஆனால் உதவியாளர் சம்பளம்தான். அரசு நர்ஸ் பணிக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனால் கவுன்சில் பதிவு எண் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் போக நினைத்தாலும் அதே கேள்விதான். அந்த எண் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியவரும்போது காசும் போயிருக்கும், வயசும் போயிருக்கும்.

நோட்டீஸின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். 'அரசு பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண். பல சமயம் அது டிரஸ்ட் பதிவு எண்ணாகவோ ஐ.எஸ்.ஓ. சான்றாகவோ இருக்கும். டிரஸ்ட்டை யாரும் பதிவு செய்யலாம். அதற்கும் படிப்புக்கான அங்கீகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பி.எஸ்சி. நர்சிங் என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேர் இருந்தால் மட்டும் போதாது, எத்தனை சீட்டுக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். அனுமதிக்கு மேல் சேர்க்கப்பட்ட பிள்ளை நாளை பதிவுக்கு அல்லாட வேண்டியிருக்கும்.

நேரிலும் போங்கள். ஏ.சி. வகுப்பறையைக் காட்டி மயக்குவார்கள், அதை விடுங்கள். வார்டு டூட்டிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். கேட்டருகே நிற்கும் கடைசி வருஷ மாணவியிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய் அம்மா, நோயாளிக்கு நீயே ஊசி போட்டிருக்கிறாயா? அந்தப் பெண் தயங்கினால் அந்தக் கல்லூரியை மறந்துவிடுங்கள். கை பழகாமல் வெளியே வரும் நர்ஸால் ஆபத்து நோயாளிக்கும்தான்.

லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி போன்ற படிப்புகளிலும் இதே வேட்டை நடக்கிறது. 2021-ல் வந்த மத்தியச் சட்டப்படி இத்துறைகளில் டிப்ளமோவுக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், பிசியோதெரபி போன்ற பட்டத்துக்கு 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். ஆறு மாத டிப்ளமோ என்று எவராவது விற்றால் கணக்கு நீங்களே போடுங்கள். தபால் வழியிலோ ஆன்லைனிலோ வேண்டவே வேண்டாம். உளவியல் உட்பட இத்துறைப் படிப்புகளை அப்படி நடத்த 2025 முதல் யு.ஜி.சி. தடை போட்டிருக்கிறது.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்டுகளிடம் இன்னும் கவனம். நீட் தேர்ச்சி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு கிடைக்காது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்களும் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். முதல் வருஷத்திலேயே தெரிந்தால் இழப்பாவது குறையும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அவற்றைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரி பெயரில் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.