ஒரு ஆறு, ரெண்டு வாய்க்கா, நாலு தோப்பு

ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அப்பாயி மைல் கணக்குச் சொல்லமாட்டாள். "ஒரு ஆறு, ரெண்டு வாய்க்கா, நாலு தோப்பு. அவ்வளவுதான் சாமி, எந்திரி" என்பாள். எனக்கு அப்போது பத்து வயது. சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை சமயபுரத்தில் மாரியம்மன் தேர். முந்தின நாள் விடிவதற்குள் கிளம்பினால்தான் கொள்ளிடத்து மணல் சுடுவதற்குள் அக்கரை ஏறலாம். தூக்குவாளியில் புளிச்சோறு, அப்பாயி இடுப்பில் மஞ்சள் புடவை, என் தலையில் ஈரத்துண்டு.

வடக்குவாசலைத் தாண்டிக் கரையில் இறங்கியதும் செருப்புக்கு வேலை போய்விடும். இருட்டில் மணல் குளிர்ந்து கிடக்கும். பாதி ஆற்றில் அப்பாயி உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தள்ளிக் குழி பறிப்பாள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து ஈரமாகும். இன்னும் ஒரு பிடி எடுத்தால் நாலு பக்கமும் தண்ணீர் கசிந்து குழி நிறையும். முதலில் கலங்கல். நான் அவசரப்பட்டுக் கையை விட்டால் ஒரு தட்டுத் தட்டுவாள். "இரு, தெளியட்டும்." தெளிந்த பிறகு அள்ளிக் குடித்த அந்தத் தண்ணீரின் ருசிக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் குடித்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் தெற்கே மலைக்கோட்டை உச்சியில் விளக்கு தெரியும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அப்போது வெறும் மொட்டைக் கோபுரம். அது 13 நிலைகளும் எழும்பி, 236 அடியில் குடமுழுக்குக் கண்டது 1987 மார்ச்சில். அதனால் எங்கள் நடைக்கு மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார்தான் அடையாளம்.

ஏன் பஸ்ஸில் போகக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "அண்ணன் வீட்டுலேர்ந்து தங்கச்சி வீட்டுக்குப் போறோம். வழியில இருக்கிறவங்களையெல்லாம் பாக்காம எப்படிப் போறது?" என்றாள். ரங்கநாதர் அண்ணன், சமயபுரத்தாள் தங்கை. தைப்பூசத்தன்று அம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள். அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரும். இன்றும் அது தவறாமல் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துக் கண் கலங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவரவர் வீட்டு அண்ணன்மார் நினைவுக்கு வந்துவிடுவார்கள்.

அக்கரையில் உத்தமர்கோயில். மும்மூர்த்திகளுக்கும் சன்னதி உள்ள கோயில். அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு வயற்காட்டில் இறங்குவோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கரைமேல் நடை, இல்லாவிட்டால் வாய்க்காலுக்குள்ளேயே. இருபுறமும் வாழை: பூவன், ரஸ்தாளி, ஏலரிசி. குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கும். இரவில் தண்ணீர் பாய்ச்சிய தோப்பு என்றால் ஈரச் சருகும் பூ மடலும் கலந்த ஒரு வாசனை வரும். பெரிய பந்தலுக்குள் நுழைந்தாற்போல அப்படி ஒரு குளிர்ச்சி. வழியில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தது. அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு கொடி ஏறியிருக்கும். செருப்புக் காலோடு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கொடிக்காலும் கோயில் மாதிரிதான் என்பார் அங்கே வெற்றிலை கிள்ளும் பெரியவர். சமயபுரம் போகிறோம் என்று சொன்னால் கவுளியிலிருந்து நாலு வெற்றிலை எடுத்து அப்பாயி கையில் கொடுப்பார், அம்மன் காலடியில் வைக்கச் சொல்லி.

பிறகு ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியது, என் தலை உயரம் இருக்கும். சுமையோடு வருகிறவர் யார் உதவியுமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, மறுபடி தானாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணிக்காக வீட்டார் நட்டு வைப்பது அது. இறக்க முடியாத சுமையோடு போனவள் பேரில் மற்றவர் சுமையை இறக்க ஒரு கல். அப்பாயி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தூக்குவாளியை அதன்மேல் வைப்பாள்.

அந்தக் கல் இன்னும் இருக்கிறது. மண் அடித்து, தார் போட்டு, மறுபடி தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போனதில் மேற்கல் மட்டும் வெளியே தெரிகிறது, இப்போது என் முட்டிக்குக் கீழே.

போன சித்திரையில் மறுபடி நடந்தேன். கொள்ளிடத்தில் இறங்கிக் கடக்கும் எண்ணம் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எத்தனையோ வருடம் லாரி லாரியாக மணல் அள்ளியதில் ஆற்றின் மட்டம் இறங்கிவிட்டது. களிமண் திட்டும், நாணலும், சீமைக்கருவேலமுமாக இருக்கிறது. 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2016-இல் புதுப்பாலம் வந்த பிறகு நடக்கிறவர்களுக்கென்றே ஆகியிருந்தது. காலையும் மாலையும் காற்று வாங்க எத்தனை பேர் வருவார்கள்! 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் அதே வாரத்தில்தான்.

ஆகவே எல்லா நடையும் இப்போது சென்னை நெடுஞ்சாலையில். நம்பர் ஒன் டோல்கேட்டிலிருந்து நான்குவழிச் சாலை. தோப்புகள் இருந்த இடத்தில் மனைப்பிரிவுகள், கலர் கொடிகள். வாழை அடியோடு ஒழிந்துவிடவில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் திருச்சிக்குத்தானே வந்தது? திருவானைக்காவிலிருந்து கல்லணைக்குப் போகிற வழியில் உத்தமர்சீலிப் பக்கம் போனால் இன்றும் கண் நிறையும். ஆனால் சமயபுரத்துக்கு நடக்கிறவர் கண்ணில் அது படுவதில்லை. அவருக்குத் தெரிவது லாரியின் முகப்பு விளக்குதான்.

ஆள் குறைந்துவிட்டது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அப்பாயி காலத்தில் எங்களோடு நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது டெல்டா ஊர்களிலிருந்து வரிசை வரிசையாக வருகிறார்கள், முன்னால் ஒரு டாட்டா ஏஸ், அதில் அம்மன் படமும் ஒலிபெருக்கியும். ஒரத்தநாட்டுப் பக்கத்து அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மூணாம் நாள் தம்பி இது. கால் கொப்புளம் எல்லாம் ஆத்தாளுக்கு" என்றார். அவர் முதுகுப்பையில் போலீஸ்காரர் ஒட்டிவிட்ட ஒளிரும் ஸ்டிக்கர் இருந்தது. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், பானகம், அன்னதானம். விசிறியோடு நின்று, முன்பின் தெரியாதவர் காலைப் பிடித்துவிடும் பையன்களைப் பார்த்தேன். நெகிழ்ந்துபோனேன். மனிதர்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை. பாதைதான் பறிபோய்விட்டது.

2024 ஜூலையில் தஞ்சாவூர் – திருச்சி நெடுஞ்சாலையில், வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்துவந்தவர்கள்மேல் வண்டி மோதி ஐந்து பேர் இறந்தார்கள். மாசிக் கடைசி ஞாயிற்றிலிருந்து 28 நாள் துள்ளுமாவும் நீர்மோரும் இளநீருமாகப் பச்சைப்பட்டினி கிடப்பவள் சமயபுரத்தாள், அதுவும் பக்தர்களுக்காக. அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டிகளின் ஓரத்தைத்தான் விட்டு வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வேறு வழி இல்லையா? ஸ்பெயினில் சாந்தியாகோ என்ற ஊருக்கு ஒரு பழைய யாத்திரைப் பாதை போகிறது. ரியோகா என்ற பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே நடை. அதுவும் ஒரு காலத்தில் மறந்துபோன பாதைதான். 1980-களில் எலியாஸ் வலீன்யா என்ற ஊர்ப்புறப் பாதிரியார் மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு போய் மரத்திலும் சுவரிலும் அம்புக்குறி போட ஆரம்பித்தார். 1993-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இன்று வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் யாத்திரை முடித்துச் சான்று வாங்குகிறார்கள்.

நமக்கு மஞ்சள் புதிதா என்ன? அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சாலைக்கு மரமும் சத்திரமும் வைத்த ராணி மங்கம்மாள் திருச்சியிலிருந்து ஆண்டவள்தான். வாய்க்கால் கரைகள் இன்னும் அரசாங்கத்திடம்தான் இருக்கின்றன. பெருவளை வாய்க்கால் சமயபுரத்து வழியாகவே போகிறது. அந்தக் கரையில் நடக்கிறவருக்கென்று ஒரு மண்பாதை விட்டு, புன்னையும் இலுப்பையும் பூவரசும் வைத்து, மைலுக்கொரு சுமைதாங்கி நட்டால் போதும். தார் வேண்டாம், தயவுசெய்து. வெறுங்காலில் நடக்கிறவருக்கு மண்தான் வேண்டும்.

ஒரு பாதை மட்டும் மாறாமல் இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பல்லக்கில் புறப்பட்டு, காவிரியைக் கடந்து தென்கரையிலுள்ள ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். வழிநெடுக வழிநடை உபயம். பேரனுக்காகப் பழைய சோறும் கீரையும் மாவடுவும் வைத்துக் காத்திருந்த ஒரு பாட்டிக்கு, அந்தப் பேரன் ரங்கன் வடிவிலேயே பெருமாள் வந்து சாப்பிட்டுப் போனதாகக் கதை. பாலத்தின்மேல் வண்டி ஓடும் காலத்திலும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் பல்லக்கோடு ஆற்றில்தான் இறங்குகிறார்கள். பின்னால் போகிற கூட்டமும் மணலில்தான் நடக்கிறது.

இந்தப் பங்குனியில் நானும் பின்னாலேயே போனேன். நடு ஆற்றில் கூட்டம் முன்னே போய்விட, ஒரு கிழவியும் பேத்தியும் மட்டும் குனிந்து நின்றார்கள். சிறுமி மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் என் கைபேசி வெளிச்சத்தைக் காட்டினேன். குழியின் நாலு பக்கமும் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. அவள் அள்ளக் கை நீட்டியதும் கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருடி, தெளியட்டும்."