போனானா, போனாளா, போனாரா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் படிக்கும் ஒருவர் நேற்று தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். போனது ஆணா, பெண்ணா என்பது மட்டும் தெரியக் கூடாது.

'அவன்', 'அவள்' என்ற சொற்களை நீக்கினால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. 'போனான்', 'போனாள்' என்று வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடும்! ஆங்கில வினைச்சொல்லில் பால் தெரியாது. மலாய் மொழியிலோ 'டியா' என்ற ஒரே சொல் அவனையும் குறிக்கும், அவளையும் குறிக்கும்.

தமிழிலும் 'நான் போனேன்', 'நீ போனாய்' என்பவற்றில் பால் இல்லை. படர்க்கையில்தான் விகுதி பாலைக் காட்டுகிறது. அதாவது, ஒருவருடைய பாலை அவரைப் பற்றிப் பேசும் மற்றவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நாம் கருதும் பால் ஒன்றாகவும், அவர் தம்மை உணரும் பால் வேறாகவும் இருந்தால்? பிறப்பில் ஆண் எனக் கருதப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்பவரைத் திருநங்கை என்கிறோம். பெண் எனக் கருதப்பட்டு, தம்மை ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்கிறோம். இவர்களுக்கு எந்த விகுதி?

இது பழைய கேள்விதான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விடை கூறுகிறது. பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புபவர் ஆண்பால். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புபவர் பெண்பால். அவரவர் விருப்பமே இங்கு அளவுகோல். ஆனால் இவர்களை அஃறிணை போலச் சொல்லவும் அதே நூற்பா இடம் தருகிறது. கைக்குழந்தையை 'அது தூங்குகிறது' என்று நாம் அன்பாகச் சொல்வதுண்டு. வளர்ந்த ஒருவரை 'அது வருது' என்றால், அவரை மனிதர் வரிசையிலிருந்தே விலக்கியது போலாகும்.

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 'நர்த்தகி' என்பது குரு சூட்டிய பெயர். வடமொழியில் 'நர்த்தகன்' ஆண், 'நர்த்தகி' பெண். மாணவி தம்மை எப்படி உணர்ந்தாரோ, அந்த விகுதியே அவர் பெயரில் அமைந்தது. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை அவர்தான். ஒருவர் தம் பாலைத் தாமே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதி செய்தது.

சரி, சோதனைக்கு விடை? 'என் வகுப்பில் படிப்பவர் பெரிய கோயிலுக்குப் போனார்.' பலரைக் குறித்த 'அவர்' என்னும் சொல், காலப்போக்கில் ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் பயன்பட்டது. பேச்சில் 'அவங்க போனாங்க' என்கிறோம். விவரம் தெரியாதபோது இதுவே நல்ல வழி.

கூடப் படிப்பவரை 'அவர்' என்றால் அந்நியமாகத் தோன்றுகிறதா? 'உன்னை எப்படிச் சொல்லட்டும்?' என்று அவரையே தனியாகக் கேளுங்கள். அவர் சொல்லும் விகுதியையே பிறகு சொல்லிப் பழகுங்கள்.