கூகுள் பண்ணினால் கூகுளுக்கு என்ன நஷ்டம்?

லண்டன்காரர் ஒருவர் "வீட்டை ஹூவர் பண்ணிவிட்டேன்" என்றால், அவர் கையில் இருந்தது வேறு கம்பெனியான டைசனின் மெஷினாகவும் இருக்கலாம். பிரிட்டனில் தூசி உறிஞ்சும் வேலைக்கே ஹூவர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயர் வந்த வழி சுவையானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் ஊரில், ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது கிளம்பும் தூசி மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்தார். 1908-ல் காப்புரிமையும் பெற்றார். தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர் அதை வாங்கிக்கொண்டார். செய்தவர் பெயரை ஊர் மறந்தது. வாங்கியவர் பெயர் வினைச்சொல்லானது. ஆனால் அமெரிக்கர்கள் சொல்வது 'வாக்யூம்' என்றுதான்!

ஆங்கிலத்தில் பெயரை வினையாக்குவது சுலபம். பெயர்ச்சொல்லை அப்படியே எடுத்து, கடைசியில் 'டு' சேர்த்தால் இறந்தகாலம் தயார்: 'கூகுள்டு', 'ஜெராக்ஸ்டு'. தமிழில் துணைக்கு ஒரு வினை வேண்டும். அதனால்தான் ஜெராக்ஸ் 'எடுக்கிறோம்', கூகுள் 'பண்ணுகிறோம்'.

இலவச விளம்பரம்தானே என்று கம்பெனிகள் மகிழ்வதில்லை. படத்தை 'ஃபோட்டோஷாப் பண்ணினேன்' என்று எழுதாதீர்கள் என அதைத் தயாரிக்கும் அடோபி கம்பெனி விதியே வைத்திருக்கிறது. காரணம் பழைய பயம். கம்பெனி வைத்த பெயர் பொருளுக்கே பொதுப்பெயராகிவிட்டால் வணிகக்குறி உரிமை பறிபோகும். அமெரிக்காவில் ஆஸ்பிரின் பெயரை பேயர் கம்பெனி 1921-ல் இழந்தது. எஸ்கலேட்டர் பெயரை ஓட்டிஸ் 1950-ல் இழந்தது.

கூகுளுக்கும் அதே கதி என்று வாதாடி ஒரு வழக்கு நடந்தது. 2017-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேடுவதை மக்கள் 'கூகுள் பண்ணுவது' என்று சொல்லலாம். அதனால் மட்டும் உரிமை போகாது. எல்லாத் தேடுபொறிக்கும் கூகுள் என்றே பெயர் என மக்கள் நினைத்தால்தான் ஆபத்து.

அந்தக் கணக்கில் பார்த்தால், நம் தெருமுனையில் ஜெராக்ஸ் பாடுதான் திண்டாட்டம். கடைப் பலகையில் இருப்பது 'ஜெராக்ஸ்'. உள்ளே ஓடும் மெஷின் எந்தக் கம்பெனி என்று அடுத்தமுறை எட்டிப் பாருங்கள்.