உங்களுக்குத் தெரியுமா? – தடுப்பூசிக் கணக்கு

● தடுப்பூசி வருவதற்கு முன்பே அம்மைக்குக் கணக்குப் போட்டவர் கணித மேதை டேனியல் பெர்னூலி. அந்நாளில் நோய் வராமல் தடுக்க, பெரியம்மைக் கொப்புளச் சீழை நலமாக இருப்பவரின் தோலில் கீறி ஏற்றுவார்கள். எல்லாருக்கும் இப்படிச் செய்தால் சராசரி ஆயுள் 3 ஆண்டு கூடும் என்று 1760-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அவர் காட்டினார். ஜென்னரின் தடுப்பூசி வந்ததோ 1796-ல்!

● ஊராரை 'நோய் வரக்கூடியவர், நோயுற்றவர், விலகியவர்' என மூன்றாகப் பிரித்துப் பரவலைக் கணிக்கும் முறை 1927-ல் வந்தது. வகுத்தவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக். தங்கள் சூத்திரத்தை அவர்கள் உரசிப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கில். மெக்கென்ட்ரிக், இமயமலை அடிவாரக் கசௌலியில் பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர்.

● தடுப்பாற்றலே இல்லாத ஊரில், தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். 15 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15-ல் 14 பேருக்கு மேல் பாதுகாப்பு இருந்தால்தான் நோய் அடங்கும். அதாவது, 93 சதவீதத்துக்கும் மேல்!

● ஊசி போட்ட எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. தட்டம்மைக்கு ஒரு தவணை போட்டால் 100-ல் 93 பேருக்குப் பலிக்கும். இரண்டு போட்டால் 97 பேருக்கு. ஊரே ஒரு தவணை போட்டாலும் 93-லேயே நின்றுவிடும். இரண்டாம் தவணை எதற்கு என்று இப்போது புரிகிறதா?

● சராசரி கண்ணை மறைக்கும். நெதர்லாந்தில் பெரும்பாலான குழந்தைகள் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் சமய நம்பிக்கையால் ஊசியை மறுக்கும் குடும்பங்கள் சில வட்டாரங்களில் நெருங்கி வாழ்கின்றன. 2013-ல் அங்கே புகுந்த தட்டம்மை 2,600-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது.

● அரைகுறைத் தடுப்பூசி சில சமயம் வினையாகும். கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடிய நோய் ரூபெல்லா. கிரீஸ் 1975 வாக்கில் அதற்கான ஊசியைத் தொடங்கியது; 1980-களில்கூடப் பாதிக் குழந்தைகளுக்கு அது எட்டவில்லை. பரவல் குறைந்ததால், பல பெண்கள் சிறுவயதில் நோய் கண்டு தடுப்பாற்றல் பெறவும் இல்லை, ஊசி போடவும் இல்லை. 1993-ல் நோய் கிளம்பியபோது அது கர்ப்பிணிகளைத் தொட்டது. வயிற்றிலேயே ரூபெல்லா தாக்கிய 25 குழந்தைகள் பிறந்தன.

● புதிதாக ஊசி தொடங்கியதும் நோய் சட்டென மறைந்து, சில ஆண்டு கழித்துத் திரும்புவதும் உண்டு. ஊசி போடாத குழந்தைகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம். இடைப்பட்ட அமைதிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர், 'தேனிலவுக் காலம்'!

வீட்டில் குழந்தை இருக்கிறதா? தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள்!