நிழலும் வேலியும்

சாலையோரத்தில் மரம் வைப்பது நம் தேசத்துக்குப் புதிய விஷயமல்ல. மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் தரும்பொருட்டு வழியெங்கும் ஆலமரங்கள் வைத்ததாக அசோகச் சக்கரவர்த்தி தூணிலே பொறித்து 2,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தென்பாண்டிச் சீமையில் ராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லும் சாலைகள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் அக்காலத்து வழிப்போக்கனுக்கு வெயில்தான் பெரிய சத்துரு. இக்காலத்தில் சாலையோரம் குடியிருப்போருக்குப் புகையும் ஒரு சத்துரு. வெயிலைத் தடுக்கும் மரம் புகையையும் தடுத்துவிடும் என்று நாம் நிம்மதியாக நினைத்துக் கொண்டிருக்கிறோம். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மோட்டார் வண்டிகள் கிளப்பும் மாசில் கண்ணுக்குத் தெரியாத பகுதியே அதிகப் பொல்லாதது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்குதான். அது நுரையீரலின் அடிவரை இறங்கும். இத்துகள் ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறியது. நம் நாட்டில் 2009-ல் வகுத்த வரம்போ 40. வண்டிப் புகையின் கடுமை சாலையை ஒட்டிய நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்குள்தான் மிகுதி. வீடும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

இதற்குச் செடிகொடிகள் என்ன செய்ய முடியும்? இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்துத் தெரு ஒன்றில், சில வீடுகளின் முன்னே பிர்ச் என்னும் மரத்தின் இளங்கன்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். அவ்வீடுகளுக்குள் துகள் பாதிக்கு மேல் குறைந்ததென்று 2013-ல் அறிவித்தார்கள். பிறகு மான்செஸ்டர் நகரத்து ஆரம்பப் பள்ளிகளில், சாலைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே உயிர்வேலி அமைத்துச் சோதித்தார்கள். அடர்ந்த செடார் வேலி இருந்த பள்ளியில் துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இலையின் மேலுள்ள சொரசொரப்பும் மென்மயிரும் துகளைப் பிடித்து வைக்கின்றன; மழை வந்து கழுவியதும் இலை மீண்டும் வேலைக்குத் தயாராகிறது.

வேலி அடியிலிருந்து நுனிவரை இடைவெளியின்றி இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். 5 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் இருந்தால் நலம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா 2016-ல் நெடுஞ்சாலைகளுக்கு யோசனை கூறிற்று. நம் சாலைப் புளியமரம் உயரத்தில் குடை பிடிக்கிறது. அதன் அடிமரங்களுக்கு நடுவே புகை தாராளமாக நுழைந்து வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறது. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய குறுகிய தெருவிலோ, கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டால் புகை மேலே போக வழியின்றிக் கீழேயே தங்கும். அங்கே தாழ்ந்த வேலிச் செடியே உசிதம்.

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி பூத்துக் குலுங்குவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் அது காக்கிறது, சந்தோஷந்தான். ஆனால் அது வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே நிற்கிறது. வண்டிக்கும் குழந்தைக்கும் நடுவே நிற்பது யார்? அங்கே அரளியை வைக்கவும் கூடாது. அது விஷச் செடி. நம் கிராமத்து வேலிகளில் தழைக்கும் நொச்சியும் கொடுக்காப்புளியும் இருக்கின்றன. நொச்சியிலையின் அடிப்புறத்தில் மென்மயிரும் உண்டு. நம் கலாசாலைகள் இவற்றைச் சோதித்து, எந்தச் செடி எவ்வளவு துகளைப் பிடிக்கிறதென்று அளந்து சொல்லலாம்.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2015-ல் மத்திய சர்க்கார் வகுத்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவிகிதத்தை மரம் நடுதலுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கச் சொல்கிறது. சாலையை அகலப்படுத்தப் பழைய மரங்களை வெட்டும்போது, எத்தனை கன்று நடப்போகிறார்கள் என்று மட்டும் நாம் கேட்கிறோம். எங்கே, எவ்வளவு நெருக்கமாக, யார் வீட்டுக்கு முன்னால் என்றும் கேட்க வேண்டும்.

வேலி இருக்கிறதென்று வண்டிகள் இஷ்டம்போல் புகை விடலாகாது. புகையைப் பிறக்குமிடத்திலேயே குறைப்பதுதான் முதற் கடமை. அது நிறைவேறும்வரை, ஒவ்வொரு சாலையோரப் பள்ளிக்கூடத்துக்கும் ஓர் உயிர்வேலியாவது நாம் தரக் கடமைப்பட்டிருக்கிறோம். நிழலுக்கு மரம் வைத்த தேசம் மூச்சுக்கு வேலி வைக்க ஏன் தயங்க வேண்டும்?